ஐமோவா, ஆரிஃப்ளெக்ஸா?

இரண்டாம் உலகப்போர்க் களத்தில் எதிரெதிர் அணிகளில் சுழன்ற 35 மி.மீ. ஃபிலிம் சினிமா கேமராக்கள் இவை. அமெரிக்கப் படப்பிடிப்பாளர்களின் கையில் பெல் அண்ட் ஹோவெலின் ஐமோ (1925), ஜெர்மானியர்களிடம் ஆரிஃப்ளெக்ஸ் (1937).

ஐமோவுக்கு பேட்டரியே வேண்டாம். சாவி கொடுத்தால் சுருள்வில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். 100 அடி ஃபிலிம் சுருள் விநாடிக்கு 24 சட்டக வேகத்தில் சுமார் 67 விநாடியில் தீர்ந்துவிடும். ஆனால் நிழலில் குனிந்தே அடுத்த சுருளை மாட்டிவிடலாம், வெளிச்சம் பட்ட ஓரச் சுற்றுகள் மட்டும் வீண். ஆரிஃப்ளெக்ஸின் 200 அடி மேகசின் (ஃபிலிம் பெட்டி) இரண்டு நிமிடம் தாண்டும். அதை நிரப்ப இருட்டறையோ கறுப்புப் பையோ வேண்டும், பேட்டரியும் கேபிளும் கூடவே வரும். கடுங்குளிரில் பேட்டரி சக்தி இறங்கிவிடும்.

உண்மையான வித்தியாசம் கண் வைக்கும் இடத்தில்தான். ஐமோவின் வியூஃபைண்டர் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், கிட்டத்தில் எடுத்தால் நாம் பார்த்த சட்டகமும் பதிவான சட்டகமும் ஒத்துப்போகாது, தலை வெட்டுப்படும். ஃபோகஸையும் தூரத்தைக் கணித்தே வைக்க வேண்டும். ஆரிஃப்ளெக்ஸிலோ ஃபிலிமில் படும் ஒளியைத் திறந்து மூடும் சுழல் ஷட்டரே, ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் முகக்கண்ணாடி. லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம்.

பர்மாவிலும் சீனாவிலும் போரைப் படமெடுத்த ரிச்சர்ட் லீக்காக், போருக்குப் பின் ஆவணப்பட இயக்குநர் ஃபிளாஹர்ட்டியின் 'லூசியானா ஸ்டோரி'யை (1948) ஒளிப்பதிவு செய்தது ஆரிஃப்ளெக்ஸில். ஆவணப்படத்துக்கு அதுவே சரி. நேரடி ஒலிக்கு மட்டும் இரண்டுமே உதவாது, அவ்வளவு இரைச்சல். குண்டு விழும் இடத்துக்கு ஐமோதான்.