ஊசி இல்லாத ஊசிப் பேனா: ஆறு மாதம் அழுத்திப் பார்த்த பிறகு

இதை வாங்கியது நான். அலர்ஜி எனக்கில்லை, நான் காதலிக்கும் பெண்ணுக்கு. வேர்க்கடலை, சின்ன வயதிலிருந்தே. நாங்கள் மூன்றாவது முறை சந்தித்த அன்று, மெனு கார்டு வருவதற்கு முன்பே கைப்பையிலிருந்து இரண்டு அட்ரினலின் பேனாக்களை (அலர்ஜி உயிருக்கு ஆபத்தாகும்போது தொடையில் குத்தும் மருந்து ஊசி, பேனா வடிவில்) எடுத்து மேஜைமேல் வைத்து, "நான் பேச முடியாம போனா இதை நீதான் குத்தணும்" என்றாள். பெரிய தைரியசாலி போலத் தலையாட்டிவிட்டேன். எந்தப் பக்கத்தால் குத்துவது என்றே தெரியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்காக வாங்கியதுதான் இந்தப் பயிற்சிப் பேனா. ட்ரெய்னர் என்று தேடினால் கிடைக்கும். நிஜப் பேனாவின் அதே அளவு, அதே வடிவம், அதே பாதுகாப்பு மூடி. உள்ளே ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். தொடையில் வைத்து அழுத்தினால் 'டக்' என்கிறது. முனையை உள்ளே தள்ளி மூடியைப் போட்டால் மறுபடி தயார். நிஜப் பேனாவுக்கு இந்தச் சலுகை இல்லை, ஒரே தடவைதான்.

முதல் நாள் அவள் எதிரிலேயே செய்து பார்த்தேன். கட்டைவிரலை மேலே வைத்து, பால்பாயிண்ட் பேனாவை அமுக்குவது மாதிரி ஓங்கி அமுக்கினேன். அவள் சிரிக்கவில்லை. "இப்போ ஊசி உன் விரல்ல ஏறிடுச்சு. மருந்து எனக்கு வரல. ரெண்டு பேருக்கும் ஆம்புலன்ஸ்" என்றாள். தலைகீழாகப் பிடித்திருந்தேன். உலகம் முழுக்க நிறையப் பேர் செய்யும் தவறு இதுதானாம். எந்த முனையிலும் விரல் படாமல், கைமுட்டிக்குள் அடக்கிப் பிடிக்க வேண்டும். வீடியோவில் பத்துத் தடவை பார்த்தும் மண்டையில் ஏறாத விஷயம், இந்த ஒரு 'டக்'கில் ஏறிவிட்டது. காசு அன்றைக்கே வசூல்.

அப்புறம் ஆறு மாதமாக வித்தை காட்டிக்கொண்டிருக்கிறேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென "இப்போ!" என்பாள். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், செங்குத்தாக. ஜீன்ஸைக் கழற்றத் தேவையில்லை, துணிக்கு மேலேயே குத்தலாம், பாக்கெட்டில் சாவி, சில்லறை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். குத்திய பிறகு பிடித்திருக்கும் நேரத்தைப் பதற்றத்தில் எண்ணினால் மூன்று விநாடி ஒரே விநாடியில் முடிந்துவிடுகிறது. "மெதுவா எண்ணு, பஸ் ஒண்ணும் போயிடல" என்று இன்னும் திட்டு வாங்குகிறேன். ஒரு நாள் நேரம் பார்த்தோம்: மொத்தம் நாற்பது விநாடி. அதில் முப்பது, அவள் பை எங்கே என்று நான் தேடியது. இப்போது பைக்கு ஒரே இடம், கதவோரக் கொக்கி.

வாங்குவதற்கு முன் ஒன்று. உங்கள் ஆள் வைத்திருக்கும் பேனா எந்த வகை என்று பார்த்து, அதற்கான ட்ரெய்னரையே வாங்குங்கள். நான் முதலில் வேறு வகையை வாங்கிக் காசைத் தொலைத்தேன். எபிபென்னை மூன்று விநாடி பிடிக்க வேண்டும், ஜெக்ஸ்ட்டைப் பத்து. ஆவி-க்யூ வாய் திறந்து பேசியே வழி சொல்லும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் வந்துவிட்டது (நெஃபி, 2024-இல் அமெரிக்க அனுமதி). அதை வைத்திருப்பவருக்கு இந்தப் பேனாப் பழக்கம் உதவாது.

பேனாவோடு வேலை முடிவதில்லை என்பதை இது சொல்லித் தராது. குத்தியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது பேனா. தேறினாலும் ஆஸ்பத்திரி கட்டாயம், சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி தலைதூக்கலாம்.

முத்தத்தைப் பற்றியும் இது வாய் திறக்காது. சந்தித்ததுமே "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று அவள் கேட்பதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாதுகாப்புச் சோதனை அது. 2006-இல் வந்த ஆய்வு ஒன்றில், கடலை சாப்பிட்ட பெரும்பாலானோரின் எச்சிலில் ஒரு மணி நேரத்துக்குள் அதன் புரதம் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. பல மணி நேரம் கழித்து, கடலை இல்லாத சாப்பாடும் சாப்பிட்ட பிறகு ஒருவரிடமும் இல்லை. உடனே பல் துலக்கினால் மட்டும் போதாது. கையையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் கடலைப் புரதத்தை நீக்காது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, கடலையையே விட்டுவிட்டேன்.

சரி, குறைக்கு வருகிறேன். ஒரு இரவு சாப்பிடப் போன இடத்தில் அவள் வழக்கம்போலப் பேனாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் ஒன்று ட்ரெய்னர். நிஜப் பேனா என் வீட்டு சோபாவில் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் பையை மூடினாள், சாப்பிடாமலே திரும்பினோம். லேபிளில் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் அவசரத்தில் கைக்கு இரண்டும் ஒன்றுதான். மறுநாளே ட்ரெய்னரின் நடுவில் சணல் கயிற்றைச் சுற்றி ஒட்டிவிட்டேன். இது என் அஜாக்கிரதைதான். இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தைக் கழிக்கிறேன். தொட்டால் தெரிகிற மாதிரி ஒரு சொரசொரப்பு வைத்திருக்கலாம்.

இன்னொன்று: நிஜத்தின் வேகம் இதில் இல்லை. காலாவதியான பேனா ஒன்றை ஆரஞ்சுப் பழத்தில் குத்தச் சொல்லிக் கொடுத்தாள். நிஜ ஸ்பிரிங் கையை உதறிவிட்டது, பழத்திலிருந்து ஒரு சொட்டு மருந்து வழிந்தது. எனக்கு அப்போதுதான் கை நடுங்கியது. இரண்டையும் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். (பழத்தைத் தூக்கிப் போடுங்கள், குத்திய பேனாவை மருந்துக்கடையில் கொடுங்கள்.)

ஐந்துக்கு நான்கு. போன வாரம் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், அம்மாவுக்கு. அடுத்த மாதம் அவளை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவும் கட்டைவிரலை மேலே வைத்துத் தலைகீழாகத்தான் பிடித்தார். நான் சொன்னதும், "இரு, இன்னொரு தடவை" என்று மூடியை எடுத்து மாட்டினார்.