எரிவாயுக் கலனில் சேர்மானங்கள்: நான்கு வருட அனுபவம்

வீட்டு உணவுக் கழிவைப் புளிக்கவைத்து அடுப்புக்கு வாயு தரும் பயோகேஸ் கலன் எங்களுடையது. ஒரு கன மீட்டர் மிதவை டிரம் வகை, அதாவது வாயு சேரச் சேர மேலே கவிழ்த்திருக்கும் டிரம் எழும்பும். வாயுவைக் கூட்டலாம் என்று யார் எதைச் சொன்னாலும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதல் வருடமே கலன் புளித்துப்போனது. விருந்தாளிகள் வந்திருந்த வாரம், மிஞ்சியதை எல்லாம் உள்ளே கொட்டினேன். டிரம் நன்றாக எழும்பி நின்றது, ஆனால் பர்னரில் தீ பிடிக்கவே இல்லை. உள்ளே இருந்தது பெரும்பாலும் கரியமில வாயு. வெளியே வந்த கூழில் புளித்த நெடி. புளிப்பைக் காட்டும் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தால் 5.5 (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு 6.8 முதல் 7.5 வரை வேண்டும். பதறிப்போய் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன். அதில் ஒரு பகுதி கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகி அடியில் படிந்துவிட்டது. அப்புறம் சமையல் சோடாவுக்கு மாறினேன். அது நன்றாகக் கரைகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆனாலும் கலனை மீட்டது சோடா மட்டும் இல்லை. பத்து நாள் தீனியை நிறுத்தி, இரண்டு வாளி புதுச் சாணக் கரைசல் ஊற்றிய பிறகுதான் நீலத் தீ வந்தது.

சாணத்தை நான் இப்போது சேர்மானமாகத்தான் பார்க்கிறேன். உணவுக் கழிவில் நிக்கல், கோபால்ட் போன்ற நுண் சத்துகள் பெரும்பாலும் போதாது. மீத்தேன் உருவாகும் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்குள் ஒரு நிக்கல் அணு இருக்கிறது. சாணம் அந்தச் சத்தையும் தருகிறது, நுண்ணுயிரியையும் தருகிறது. வாரம் ஒரு வாளி போதும்.

அடுத்தது கரித்தூள். நுண்ணுயிரிகள் ஒட்டி வாழ அது இடம் தருகிறது, ஒன்றுக்கொன்று எலக்ட்ரானைக் கைமாற்றவும் உதவுகிறது. டிரம்மின் பக்கத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, தினமும் காலையில் உயரத்தை நோட்டில் எழுதுவேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் அதே தீனிக்கு இரண்டு கோடு ஏறியது. சந்தோஷப்பட்டு முந்தின வருட நோட்டைப் புரட்டினால், அதே மாதத்தில் கரி இல்லாமலே ஒரு கோடு ஏறியிருக்கிறது. 35 டிகிரியை ஒட்டி இந்த உயிர்கள் சுறுசுறுப்பாகிவிடும், அது வெயில் ஏறும் மாதம். ஆக, ஒரு கோடு வெயிலுடையது, ஒரு கோடுதான் கரியுடையது. அதுவே எனக்கு நிறைவு.

துருப்பிடித்த இரும்புத்தூள் வாயுவின் அளவைக் கூட்டவில்லை. ஆனால் அழுகின முட்டை நாற்றம் நன்றாகக் குறைந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து கூழிலேயே தங்கிவிடுகிறது. முன்பெல்லாம் கறுத்துக்கொண்டே வந்த பித்தளைக் குழாய்முனை இப்போது அப்படிக் கறுப்பதில்லை.

பாக்கெட்டில் வரும் நுண்ணுயிர்த் தூளை மூன்று மாதம் போட்டேன். நோட்டில் மாற்றம் இல்லை. நன்றாக ஓடும் கலனில் அந்த உயிர்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.

எங்கள் கலனில் கழிவு உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய 40 நாள் ஆகிறது. அதனால் ஒரு சமயத்தில் ஒரு பொருள்தான் போடுகிறேன், அந்த 40 நாள் முடியும்வரை நல்லது கெட்டது என்று எதுவும் எழுதுவதில்லை. இப்போது கரியை இன்னும் நைசாக இடித்துப் போட்டிருக்கிறேன், இன்று 12-ஆம் நாள்.