ஸ்டுடியோப் படமா, வராந்தாப் படமா?

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்து திருவனந்தபுரத்தின் ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் வேலை தேடும் பிள்ளைகள் இப்போதெல்லாம் பயோடேட்டாவுக்கு முன்பே, வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் தங்கள் பக்கத்தைத் தயார் செய்துவிடுகிறார்கள். படிப்பையும் பயிற்சியையும் தயங்காமல் நிரப்புகிறவர்கள்கூட, மேலே இருக்கும் அந்தச் சிறிய வட்டத்துக்குள் எந்தப் படத்தைப் போடுவது என்பதில் நாள்கணக்கில் தடுமாறுகிறார்கள். எம்.சி.ஏ. முடித்த என் சித்தி மகள் சென்ற ஆடி மாதம் நான்கு படங்களுடன் என்னிடம் வந்தாள். ஒன்று ஊர் ஸ்டுடியோவில் எடுத்தது, ஒன்று செல்ஃபி, ஒன்று கல்யாணப் படத்தில் இருந்து வெட்டியது, ஒன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி செய்து கொடுத்தது. ஐந்தாவதை அவள் வீட்டு வராந்தாவில் நான் எடுத்தேன்.

கல்யாணப் படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அருகில் நின்றவரின் பட்டுச் சேலைத் தோள் ஓரத்தில் தங்கிவிட்டது. மண்டப விளக்கின் மஞ்சள் முகம் முழுதும் அப்பியிருந்தது. லிங்க்ட்இன் குறைந்தது 400-க்கு 400 பிக்சல் கேட்கிறது. இருபது பேர் நிற்கும் படத்தில், அதுவும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்த படத்தில், ஒரு தலையை மட்டும் வெட்டினால் அந்த அளவு தேறாது.

செல்ஃபியின் குறை தூரத்தில் இருக்கிறது. கை நீளத்துக்குள் பிடிக்கும்போது, கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெருத்தும், தள்ளி இருக்கும் காதுகள் சிறுத்தும் தெரியும். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படியிருந்தும் செல்ஃபி நமக்குப் பிடித்துப்போவதற்கு வேறொரு காரணம் உண்டு. முன்பக்கக் கேமராவின் திரை கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிக் காட்டுகிறது. நம் முகத்தை நாம் அன்றாடம் பார்த்துப் பழகியதும் கண்ணாடியில்தானே. 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய தோழிகள் நேர்ப் படத்தையும் கூடுதலாக விரும்பியது தெரியவந்தது.

ஸ்டுடியோப் படம்தான் உண்மையான போட்டியாளர். இரண்டு பக்கமும் விளக்கு, சரியான தூரம், கண்மட்டத்தில் கேமரா, சுருக்கம் இல்லாத திரை எனப் படம் பிடிக்கும் நிமிடம் வரை அங்கே எல்லாம் முறையாக நடக்கிறது. கெடுவது அதன் பிறகு, கணினி முன்னால். கேட்காமலே முகத்தை இரண்டு நிறம் வெளுப்பாக்கி, கன்னத்து மச்சத்தை அழித்து, சுடிதாருக்கு மேல் ஒரு கறுப்புக் கோட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டிய கோட்டின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெள்ளைக் கோடு தெரிந்தது; தலை ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்க, தோள்கள் மட்டும் அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தன. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யாரு மக்கா?" என்று கேட்டார். அறியாத முகத்தைப் பார்த்து நம்பலாமா வேண்டாமா என்று மனம் முடிவு செய்ய நொடியில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2006-இல் கண்டார்கள். அந்தக் கணத்தில் இந்தக் கோட் போட்ட படம் தேறிவிடலாம். நேர்காணலுக்கு மச்சமும் மாநிறமுமாக வேறொருத்தி வந்து உட்காரும்போது என்ன ஆகும் என்பதே என் கவலை. வளைகுடா விசாவுக்கு வெள்ளைப் பின்னணிப் படம் கேட்டால் ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். அதே நடையில் லிங்க்ட்இன்னுக்கும் எடுப்பதாக இருந்தால், "டச்சப் வேண்டாம், கோட் வேண்டாம், எடுத்த ஃபைலை அப்படியே கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செயலி செய்த படம் ஸ்டுடியோவின் அதே பிழையைப் பெரிதாகச் செய்கிறது. காதுக்கு ஒரு விதமாகக் கம்மலை வரைந்திருந்தது. பல்வரிசையும் அவளுடையதாக இல்லை. 2023-இல் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி மாணவி ஒருவர், தம் படத்தை லிங்க்ட்இன்னுக்கு ஏற்றதாக மாற்றும்படி இத்தகைய ஒரு செயலியிடம் கேட்க, அது அவரை வெளிர்நிறமும் நீலக் கண்களும் கொண்டவராக மாற்றித் தந்தது செய்தியானது. நம் ஊர் டச்சப் ஆசையை எந்திரமும் கற்றுக்கொண்டது போலும்.

வராந்தாப் படத்துக்குச் செலவு இல்லை. சிரத்தை மட்டும் வேண்டும். முதலில் ரப்பர் மர நிழலில் நிறுத்திப் பார்த்தேன். இலைகளின் பச்சை முகத்தில் ஏறியதோடு, புள்ளிபுள்ளியாக வெயிலும் விழுந்தது. பிறகு வராந்தாவின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்து நிற்கச் சொன்னேன். சாரல் மேகம் மூடிய காலை பத்து மணி வெளிச்சம், எந்த ஸ்டுடியோ விளக்குக் குடைக்கும் குறையாத மென்மையுடன் இருந்தது. ஆனால் சிவப்புச் சிமெண்டுத் தரை, தாடைக்கு அடியில் செம்மையை வீசியது. கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து அவள் காலடியில் விரித்ததும் செம்மை போய், கண்ணுக்குக் கீழே இருந்த நிழலும் லேசானது. ஐந்தடி தள்ளி நின்று, கைபேசியை அவள் கண்மட்டத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் முப்பது படங்கள் எடுத்தேன். படச் சட்டத்தில் பாதிக்கு மேல் முகம் இருக்க வேண்டும். அதே சமயம் படத்தை வட்டமாக வெட்டும்போது நான்கு மூலைகளும் போய்விடும் என்பதால், உச்சந்தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டேன். உடை, வேலைக்குப் போட்டுச் செல்லக்கூடிய சாதாரணப் பருத்திக் குர்த்திதான். டெக்னோபார்க்கில் கோட்டோடு திரிபவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

சித்தி மட்டும், பெண்பிள்ளை படத்தை ஊரெல்லாம் பார்க்க வேண்டுமா, ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். பூவும் சாமி படமும் அந்தத் தளத்தின் விதிக்குப் பொருந்தாது; கணக்குக்கு உரியவரின் முகம்தான் இருக்க வேண்டும். படத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தொடர்பில் இருப்பவர்கள் வரை சுருக்கிக்கொள்ள வசதி உண்டு என்று காட்டிய பிறகே அவர் சமாதானமானார். வேலைக்கு ஆள் தேடும் அந்நியருக்கும் அப்போது முகம் தெரியாது என்பதையும் சொல்லிவைத்தேன்.

முப்பதில் எது என்பதில் அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. தங்கள் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பவர்களைவிட, முன்பின் அறியாதவர்களிடம் தேர்வை விடுபவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடைக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. எனவே மூன்றை மட்டும் பிரித்து, அவளைத் தெரியாத என் அலுவலக நண்பர்கள் மூவருக்கு, தரம் குறையாமல் இருக்க வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினேன். இரண்டு மலையாளிகளும் ஒரு தமிழரும் தனித்தனியாக ஒரே படத்தைச் சொன்னார்கள். நெற்றியில் ஒரு முடி பிரிந்து கிடக்கிறது என்று அவள் முதலிலேயே ஒதுக்கிவைத்த படம் அது. மச்சம் தெளிவாகத் தெரிகிறது. இப்போதும் அதுதான் இருக்கிறது.