ஃபாக்ஸ்புரோவிலிருந்து ஜாங்கோவுக்கு: மண்ணடி இரும்புக் கடையில் 6 வருடம்

மண்ணடியில் ஓர் இரும்பு மொத்தக் கடை. கம்பி, ஆங்கிள், தகடு எல்லாம் மாதவரம் குடோனில் லோடு ஏறும்; பில் மட்டும் மண்ணடியில் போடுவார்கள். கணக்கு முழுவதும் விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தளக் கருவியில் எழுதிய மென்பொருளில் ஓடியது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007லேயே சொல்லிவிட்டது. ஆதரவும் 2015 ஜனவரியோடு நின்றது. ஆனாலும் மென்பொருள் நன்றாகவே ஓடியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதுகூட யாரோ ஒட்டுப்போட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். சிக்கல் ஒன்றுதான்: குடோனில் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று தெரிந்துகொள்ள நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

2019இல் அதை வெப்புக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. பைத்தான் மொழியில் வெப் மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோவை எடுத்தேன். பிறகு காசிமேட்டில் வலை, கயிறு விற்கும் கடைக்கும், வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கும் அதே அடித்தளத்தைப் போட்டேன். மூன்றும் இன்றுவரை ஓடுகின்றன.

ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி என்று ஒரு கட்டளை உண்டு. ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தைப் படித்து அதற்கான மாடல்களை, அதாவது ஒவ்வொரு டேபிளையும் விவரிக்கும் நிரல்களை, தானே எழுதித் தரும். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் தரவுக் கோப்புகளை அது நேரடியாகப் படிக்காது என்பதால், முதலில் எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஏற்றினேன். கட்டளையை ஓட்டியதும் 43 டேபிள்களுக்கும் மாடல் வந்துவிட்டது. அன்று மாலையே, ஜாங்கோ தானே உருவாக்கித் தரும் அட்மின் என்ற நிர்வாகத் திரையில் பார்ட்டி லெட்ஜரைத் திறந்து முதலாளியிடம் காட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஆனது.

ஃபாக்ஸ்புரோவில் ஒரு வரியை அழித்தால் அது கோப்பைவிட்டுப் போகாது. அழிந்தது என்று ஓர் அடையாளம் மட்டும் விழும்; பேக் கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். இந்தக் கடையில் ரத்தான பில்களை அப்படித்தான் வைத்திருந்தார்கள். டிபிஎஃப் கோப்பைப் படிக்க நான் பயன்படுத்திய லைப்ரரி அழிந்த வரிகளைத் தாண்டிப் படித்ததால், பில் எண்கள் நடுநடுவே காணாமல் போயின. ஆடிட்டர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. தொகைகளையும் அது மிதவை எண்ணாக (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகை) படித்ததால் கூட்டுத்தொகையில் பைசா இடித்தது. எல்லாவற்றையும் துல்லியமான டெசிமலாக மாற்றித் திரும்ப ஏற்றினேன். அப்புறம் சாவி விவகாரம். பில் எண் ஒவ்வொரு நிதியாண்டும் 1இல் தொடங்கும். ஆண்டும் எண்ணும் சேர்ந்தால்தான் ஒரு பில். ஜாங்கோவோ ஒரு வரியை அடையாளம் காட்ட ஒரே ஒரு புலம், அதாவது ஒற்றை முதன்மைச் சாவிதான் கேட்டது. கூட்டுச் சாவி 5.2 பதிப்பில்தான் வந்தது, அந்தப் பதிப்பிலும் அட்மின் அதை ஏற்காது. ஒவ்வொரு டேபிளுக்கும் தனியாக ஓர் ஐடி கொடுத்துவிடுவதே நிம்மதி.

இதெல்லாம் கணினிக்குள் நடக்கும் சண்டை. உண்மையான சோதனை பில் மேசையில் நடந்தது.

கணக்குப்பிள்ளை ஐயா கீபோர்டைப் பார்க்காமல் பில் போடுவார். பார்ட்டி குறியீடு, என்டர், சரக்குக் குறியீடு, என்டர், எடை, என்டர், விலை, என்டர். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், பத்து வரி பில் அதற்குள் முடிந்துவிடும். ஜாங்கோ அட்மினில் அடுத்த கட்டத்துக்குப் போக டேப் அழுத்த வேண்டும். என்டர் அழுத்தினால் படிவம் சேமிக்கப்பட்டுவிடும். முதல் நாள் காலையிலேயே ஒரு வரியோடு பதினேழு அரைகுறை பில்கள் விழுந்தன. "தம்பி, இத்தனை வருஷமா என் விரலுக்குத் தெரிஞ்ச வழி இது. அதைப் புடுங்கிட்டியேப்பா" என்றார். அந்த வார்த்தை இன்றும் மனதில் இருக்கிறது.

பில் திரையை மட்டும் அட்மினிலிருந்து பிரித்து, தனியாக எழுதினேன். பழைய திரையில் இருந்த அதே வரிசை, அதே குறியீடுகள், என்டருக்கு அதே வேலை. அதற்கே இரண்டு மாதம். அட்மின் நிறுவனத்துக்குள் பயன்படுத்தும் நிர்வாகக் கருவி என்று ஜாங்கோ ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. விலைப்பட்டியல், பார்ட்டி விவரம், திருத்தங்களுக்கு அது அருமையானது. வேகமாக உள்ளிடும் திரைக்கு அதை வளைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் கொஞ்சம் படுத்தியது. பிரவுசர் வழியாக அச்சடித்தால் ஒரு பில்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைக் கணினியில் ஒரு சிறிய நிரலை வைத்து, வெறும் எழுத்தாக அனுப்பியதும் சரியானது.

அடித்தளத்தின் அருமை 2023 ஆகஸ்டில் தெரிந்தது. விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் எனும் மின்விலைப்பட்டியல் கட்டாயமானது. இரும்புக் கடைக்கு எழுதிய அந்தப் பகுதியை அப்படியே ஜவுளிக் கடையிலும் சேர்த்தேன். இரண்டே நாள் வேலை. என்டர் சாவி, லட்சக் கணக்கில் காற்புள்ளி, ரத்தான பில், பிரிண்டர் நிரல் எல்லாம் ஒரே பொதியில் இருப்பதால், மூன்றாவது கடை ஆறே வாரத்தில் முடிந்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்டும் இணையமும் போனபோது பில் புத்தகத்தில் கையால்தான் எழுதினார்கள். ஆனால் தரவு தண்ணீரில் நனையாத இடத்தில் பத்திரமாக இருந்தது.

பதிப்பு மாற்றம் ஜாங்கோவின் பலம் என்றே சொல்வேன். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டேன்: 2.2, 3.2, 4.2. ஒரே ஒருமுறை தடுக்கியது. 4.0 முதல் நம்பகமான தளங்களின் பட்டியலில் முகவரிக்கு முன் எச்டிடிபிஎஸ் என்பதையும் எழுத வேண்டும். அதைக் கவனிக்காமல் ஏற்றியதால் காலை பத்து மணிக்கு யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் ஏற்றுவதில்லை.

4.2க்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். பொங்கல் கழிந்ததும் 5.2க்கு மாற்றப் போகிறேன், முதலில் காசிமேடு. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் படகுக்காரர்கள் பழைய வலையைச் சீர்செய்யக் கடைக்கு வந்துவிடுவார்கள்; அதற்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும்.