பழனி அடிவார மானாவாரியில் இனிப்புச் சோளம்: தூய ரகமா, வீரிய ஒட்டா?

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரம் மழை மறைவுப் பகுதி. ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கத்து மேட்டுக் காடுகளில் மானாவாரி வெள்ளாமை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே நடக்கிறது. கரும்புக்கு ஏறக்குறைய ஓராண்டு பாசனம் வேண்டும். பாகு காய்ச்சப் பயன்படும் இனிப்புச் சோளமோ (மக்காச்சோளம் அல்ல, தண்டில் இனிப்புச் சாறு உள்ள சோளம்) நான்கு மாதங்களில், அதைவிட மிகக் குறைந்த நீரில், தண்டில் சாறும் கதிரில் தானியமும் தந்துவிடும். (கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரக் குளிர் இப்பயிருக்கு ஒவ்வாது, இங்கே பேசுவது அடிவாரத்தைப் பற்றியே.)

இனிப்புச் சோளத்தில் எஸ்எஸ்வி 84 தூய ரகம், அதாவது விளைந்த விதையையே மறுபடியும் விதைக்கலாம். சிஎஸ்எச் 22எஸ்எஸ், அதையே ஆண் பெற்றோராகக் கொண்டு உருவான வீரிய ஒட்டு (ஹைப்ரிட்). மழை சீராகப் பெய்தால் தண்டு எடையில் பொதுவாக ஒட்டே முந்தும்.

வறட்சியில் கணக்கு மாறுகிறது. கதிர் வெளிவருவதற்கு முன் ஈரம் குறைந்தால் கணுவிடைகள் நீளாமல் பயிர் குட்டையாகிறது. பூத்த பிறகு குறைந்தால், சர்க்கரை சேர வேண்டிய அந்தப் பருவத்திலேயே தண்டின் சாறு வற்றத் தொடங்கி, எஞ்சிய சாற்றின் செறிவு மட்டும் கூடித் தெரிகிறது. சாறு பாதியாக வற்றிய தண்டு 18 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரைச் செறிவைச் சொல்லும் அளவு) காட்டினாலும், 16 காட்டும் சாறு நிறைந்த தண்டுதான் கொப்பரையில் அதிகப் பாகு தரும். எனவே பிரிக்ஸ் மானியின் எண்ணை மட்டும் வைத்து ரகத்தை மதிப்பிடுவதை நான் ஏற்கவில்லை. ஒரே அளவு நிலத்தின் தண்டு எடை, பிழிந்த சாறு, பிரிக்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐசிஎஸ்வி 93046 என்ற இன்னொரு தூய ரகமும் கவனத்துக்கு உரியதாகிறது. தானியம் முற்றிய பின்னும் அதன் தண்டும் இலையும் பசுமை மாறாமல் நிற்கும். குருத்து ஈயையும் தண்டுத் துளைப்பானையும் ஓரளவு தாங்கும். மார்கழியில் மழை நின்றுவிடும் காட்டுக்கு இந்தப் பசுமைக் குணம் பெரிது.

கிணற்றிலிருந்து பயிரைக் காக்க ஓரிரு உயிர்த்தண்ணீராவது விட முடிந்தவர்கள் ஒட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் விதை வாங்கும் செலவை அந்தக் கூடுதல் தண்டு ஈடுகட்டக்கூடும். வானத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு, சொந்த விதையை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய தூய ரகமே பொருத்தம் என்பது என் முடிவு. அதிலும் பசுமை நிலைக்கும் ரகத்தையே முதலில் சொல்வேன்.

எந்த ரகமானாலும், வறட்சியில் வாடிய இளம்பயிரை மாட்டுக்குப் போடவே கூடாது. அதில் சயனைடு நச்சு மிகுந்திருக்கும். பூத்த பிறகே தட்டை அறுத்துப் போட வேண்டும்.