பில்லில் ‘சைல்ட் சேஃப்டி நெட்’, பால்கனியில் புறா வலை

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்ககம், ஆறாவது மாடி. வீட்டில் ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை. சோபா முதுகில் ஏறி ஜன்னல் திண்டில் நின்று கையசைக்கும் ரகம். பால்கனியை அடைக்க ஆள் கூப்பிட்டார்கள். கொட்டேஷனில் ‘சைல்ட் சேஃப்டி நெட், ஹெவி டியூட்டி, 5 வருட வாரண்டி’ என்று இருந்தது. இரண்டு பேர் வந்து ஒன்றரை மணி நேரத்தில் கட்டிவிட்டு, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வாரம் துணி காயப்போடும்போது முழங்கை இடித்து ஓரத்துக் கொக்கி ஒன்று பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட்டு மற்றதையும் இழுத்துப் பார்த்ததில், 24 கொக்கிகளில் 8 வெறும் விரல் பலத்துக்கே கழன்றன. கடைக்குப் போன் போட்டால் வந்த பதில்: “வாரண்டி வலைக்குத்தான் சார், கொக்கிக்கு இல்ல.”

அந்தப் பதிலில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. வலை எவ்வளவு உறுதி என்று பேசியே வியாபாரம் நடக்கிறது. ஆனால் வலை கிழிந்து குழந்தை விழுவது அபூர்வம். கொக்கி பிடுங்கும், இல்லையென்றால் ஓர இடைவெளியில் உடம்பு நுழையும். கொட்டேஷனில் ஒரு வரிகூட எழுதப்படாத இடங்கள் இந்த இரண்டும்தான்.

அந்த வீட்டில் போட்டிருந்தது 25 மி.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் பிளக், அதாவது திருகு இறுகச் சுவர்த் துளைக்குள் அடிக்கும் குழல். வெளிச்சுவர்ப் பூச்சு 15 முதல் 20 மி.மீ. இருக்கும். அப்படியானால் பிளக்கில் சுவருக்குள் போனது 5 முதல் 10 மி.மீ.தான்; மிச்சமெல்லாம் பூச்சில் நிற்கிறது. புறா மோதினால் தாங்கும். 12 கிலோ குழந்தை ஓடிவந்து சாய்ந்து, வலையைப் பிடித்து ஆட்டினால் பூச்சோடு வந்துவிடும். பிளக், பூச்சைத் தாண்டிச் சுவருக்குள் குறைந்தது 40 மி.மீ. போக வேண்டும். அதனால் 8 மி.மீ. டிரில் பிட், 60 மி.மீ. நைலான் பிளக், துருப்பிடிக்காத திருகு என்று எழுதி வாங்குங்கள். துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்க வேண்டும். தூளோடு அடித்த பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது.

சுவர் எதனால் ஆனது என்பதை டிரில் தூளே சொல்லிவிடும். முதலில் வருவது பூச்சின் சாம்பல் தூள். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். பிட் திணறி, சாம்பல் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி வெளிர் மாவாகக் கொட்டினால் அது ஏஏசி பிளாக், காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல். புதிய அடுக்ககங்களில் இப்போது இதுதான் அதிகம். ஏஏசியில் சாதாரண பிளக் நிற்காது. டிரில்லின் ஹேமர் மோடை (அடித்துத் துளையிடுவதை) அணைத்துவிட்டு, சுற்றல் மட்டும் வைத்துத் துளையிட்டு, ஏஏசிக்கென்றே விற்கும் நீள ஆங்கரோ, துளையில் பிசின் நிரப்பி இறுக்கும் கெமிக்கல் ஆங்கரோ போட வேண்டும். வலை கட்டவரும் ஆட்கள் எல்லாச் சுவருக்கும் ஒரே டப்பா பிளக்கைத்தான் கொண்டுவருகிறார்கள். வரும் முன்பே கேளுங்கள்: “எங்க சுவர் ஏஏசி, என்ன ஆங்கர் போடுவீங்க?” பதில் தடுமாறினால் அந்த ஆள் வேண்டாம்.

கொக்கியின் வடிவத்தையும் பாருங்கள். வாய் திறந்த கொக்கியில் கயிறு மாட்டினால், ஆட்ட ஆட்ட நழுவும். வளையம் மூடிய கண் கொக்கி தேவை. இடைவெளி ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது. கீழ் ஓரத்தில் முக்கால் அடி நல்லது, குழந்தையின் கை காலெல்லாம் அங்கேதான் வேலை செய்யும். மேலே சொன்ன பால்கனித் திறப்பின் சுற்றளவு சுமார் 35 அடி. ஓர் அடிக்கு ஒன்று என்றாலே 35 கொக்கி வந்திருக்க வேண்டும். 24ஐ வைத்து முடித்திருந்தார்கள். திறப்பின் உண்மை அளவு 9 அடி 3 அங்குலத்துக்கு 8 அடி 4 அங்குலம், அதாவது 77 சதுர அடி. பில்லில் 10க்கு 9 என்று 90. டேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் காபி போடப் போனால் இதுதான் நடக்கும்.

வலைக் கண்ணி விஷயத்தில் வேறொரு வித்தை. ‘ஒரு இன்ச்’ என்பார்கள். முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை ஒரு இன்ச்சா, வலையை இழுத்துப் பிடித்துக் குறுக்கே அளந்து ஒரு இன்ச்சா என்று சொல்லமாட்டார்கள். முடிச்சுக்கு முடிச்சு அளந்து எழுதச் சொல்லுங்கள். புறா வலை 50 மி.மீ. கண்ணியில் வருவது சகஜம். அதில் ஏறும் குழந்தையின் கால்விரல்கள் சொகுசாக நுழையும். வலையே ஏணியாகிவிடுகிறது. அமெரிக்காவில் நீச்சல்குள வேலிக்கான பாதுகாப்பு வழிகாட்டலில், கம்பிவலைக் கண்ணி ஒன்றே கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதற்காகத்தான்: கால் வைக்க இடம் கிடைக்கக் கூடாது. அதே கணக்கில் பால்கனிக்கும் 25 முதல் 30 மி.மீ. கண்ணி கேளுங்கள். வலை தரையிலிருந்து கூரைவரை போக வேண்டும். பாதியில் நிறுத்திய வலை, ஏறத் தெரிந்த பிள்ளைக்குத் தடையே இல்லை.

வலை நூல் நைலானா, எச்டிபிஇ என்ற பாலித்தீன் வகையா என்று வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. கட்டிய பிறகு மிஞ்சும் துண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, தண்ணீர் நிறைந்த டம்ளரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழை விரலால் நசுக்கி விடுங்கள். எச்டிபிஇ மிதக்கும், நைலான் மூழ்கும். நைலான் கெட்ட சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் அது தண்ணீர் உறிஞ்சித் தளரும். புறஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்யாத நைலான், மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில் நூல் நூலாக உலர்ந்து உதிரும். ‘யூவி’ என்ற வார்த்தை பில்லில் இருக்கட்டும். இன்னொன்று, ஓரக் கயிறு ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து வர வேண்டும், கொக்கியில் மாட்டுவது அந்தக் கயிறாக இருக்க வேண்டும். கயிறில்லாமல் கண்ணியையே கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள்; பாரம் முழுதும் ஒற்றை நூலுக்குப் போகும்.

பணம் கொடுக்கும் முன் சோதனை. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்க விற்கும் 50 கிலோ கைத்தராசு ஒன்று போதும். உறுதியான கயிற்றில் கொக்கியோடு கட்டி, வீட்டுக்குள் நின்றபடி உள்பக்கமாக 30 கிலோ காட்டும்வரை மெல்ல இழுங்கள். பத்து விநாடி நிற்க வேண்டும். எல்லாக் கொக்கிக்கும் செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான். ‘அப்படியெல்லாம் இழுக்கக் கூடாது சார்’ என்று தடுப்பவரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடுத்தது ஓரம்: வலையைக் கையால் வெளியே தள்ளியபடியே, சுவருக்கும் கயிற்றுக்கும் நடுவே எவ்வளவு திறக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 10 செ.மீ. திறந்தாலே உடம்பு வெளியே போய்த் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. 5 செ.மீ.க்குள் நிற்க வேண்டும்.

வலை வேண்டாமென்று மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டும் ‘இன்விசிபிள் கிரில்’ போகிறவர்களுக்கும் சில வார்த்தை. ‘2.5 மி.மீ. கம்பி’ என்றால் அது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த அளவாக இருக்கலாம். உள்ளே இருக்கும் எஃகின் தடிமனைத் தனியாகக் கேளுங்கள். ‘எஸ்எஸ் 316’ (துருப்பிடிக்காத எஃகின் ஒரு தரம்) என்று சொல்லிவிட்டு, காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். காந்தம் எதையும் நிரூபிக்காது. 304, மலிவான 202 ஆகிய தரங்களுக்கும் ஒட்டாமல் இருக்கலாம். 316இல் கூடுதலாக இருப்பது 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம். உப்புக்காற்றில் அதுதான் காப்பாற்றும். அதைக் காட்ட மாலிப்டினம் சோதனைச் சொட்டு இருக்கிறது, இல்லையென்றால் எஃகு ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். பெசன்ட் நகர், ஈ.சி.ஆர்., தூத்துக்குடி மாதிரிக் கடலோரக்காரர்கள் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கம்பி 316ஆக இருந்தும் கம்பிகளைப் பிடிக்கும் பட்டையை முடுக்கிய திருகு சாதாரண துத்தநாக முலாம் திருகாக இருந்தால் முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

கம்பிகள் நெடுக்காகத்தான் போக வேண்டும். படுக்கையாகப் போட்டால் ஏணி. இடைவெளி 2 அங்குலம். 4 அங்குலத்தில் போட்டால் விலை குறையும், ஆனால் நடுவில் இரண்டு கம்பியைக் கையால் விலக்கிப் பாருங்கள், எவ்வளவு அகலம் வருகிறது என்று தெரியும். எட்டடி உயரத்துக்கு நடுவில் பிடிமானம் இல்லாமல் விட்டால் 2 அங்குலக் கம்பியும் விலகும். தீ விபத்தில் வெளியேற வழி வேண்டுமே; கம்பி வெட்டும் கட்டரைப் பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இதோடு ‘முழு வீட்டுப் பேக்கேஜ்’ என்று சேர்த்து விற்பதில் பாதி குப்பை. அலமாரி சாயாமல் இருக்க ‘எல்’ பிராக்கெட் போட்டோம் என்பார்கள். திருகு எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ரெடிமேட் அலமாரியின் பின்பலகை பெரும்பாலும் 3 மி.மீ.; அதில் ஏற்றிய திருகு தாளில் குத்திய குண்டூசி. பக்கப் பலகையிலோ மேல் சட்டத்திலோ ஏற வேண்டும். இழுப்பறைகளை இழுத்துப் படியாக்கி ஏறும் வயதில் இது உயிர்ப் பிரச்சினை. 2016இல் மரச்சாமான் நிறுவனமான ஐகியா அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றதும், அங்கே ஆடை அலமாரிகளுக்குக் கட்டாயச் சாய்வுச் சோதனை 2023இல் நடைமுறைக்கு வந்ததும் குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகுதான். நம் வீட்டு இரும்பு பீரோவும் விதிவிலக்கல்ல. காலியாக நிற்கும்போது கதவு இரண்டையும் திறந்து, கீழ்த்தட்டில் குழந்தை ஏறினால் முன்னால் சாயப் பார்க்கும்.

குழந்தை திறக்காமல் இருக்க அலமாரிக் கதவுகளில் ஒட்டும் லாக்குகள் எல்லாம் நல்ல டேப்பில் வந்தாலும், சமையலறை லேமினேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிற்காது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். ஒட்டிய ஐந்தாவது நிமிடம் இழுத்துக் காட்டுவது வெறும் வித்தை. ஸ்க்ரூ இல்லாமல் அழுத்தி நிற்கும் கேட்டை மாடிப்படியின் மேல்முனையில் போடவே கூடாது. சாய்ந்தால் கேட்டோடு உருளும், அடிச்சட்டம் பெரியவர் காலையும் தடுக்கும். ஜன்னலில் வெல்க்ரோ கொசுவலை இருப்பதால் பாதுகாப்பு என்று சொல்லும் விற்பனையாளரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

காசில்லாத வேலையை எந்தக் கடையும் சொல்லித்தருவதில்லை. பால்கனிக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 86, 88 செ.மீ. ஓரத்தில் 45 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடந்தால் சுவர் அதன் மார்புக்குக் கீழே போய்விடும். தலை பாரம் அதிகமான வயது. எட்டிப் பார்த்தாலே கவிழும். டைல் மேல் டைல், அதன் மேல் செயற்கைப் புல் என்று தரையை உயர்த்தினாலும் சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகும். ஆஸ்திரேலியக் கட்டட விதி, 4 மீட்டருக்கு மேல் உயரமான தளங்களில் தரையிலிருந்து 150 முதல் 760 மி.மீ. வரை கால் ஊன்ற எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டைக்குள் உங்கள் பால்கனியில் என்ன இருக்கிறது? ஏசி அவுட்டோர் யூனிட், பூந்தொட்டி, தண்ணீர் கேன், படுக்கைவாட்டுக் குழாய்கள். எடுக்க முடிந்ததை எடுங்கள். குழாய்க் கைப்பிடிக்கு உள்பக்கம் 4 மி.மீ. பாலிகார்பனேட் தகடு அடித்தால் ஏறப் பிடி கிடைக்காது. பால்கனிக் கதவுக்கு, பெரியவர் கை தூக்கினால் மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். வலை கட்டியிருந்தாலும் தாழ்ப்பாள் வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், பிடுங்கி வந்த பிளக்கை அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில் தராமல் விட்டதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்பதால், பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். புகார் முடியும்வரை அந்த வலையை நம்பிப் பால்கனிக் கதவைத் திறந்துவைக்காதீர்கள்.