நடக்கும் ரோபோவின் முழங்காலுக்குள் எதை வைப்பது?

நான்குகால் ரோபோ செய்யக் கிளம்பும் எந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்திலும் முதல் வாக்குவாதம் மூட்டைப் பற்றித்தான் மூளும். மின்மோட்டாருக்கு வேகம் அதிகம், முறுக்குவிசை குறைவு. காலுக்கோ அவ்வளவு வேகம் வேண்டாம், உடம்பைத் தூக்கி நிறுத்தும் முறுக்குவிசைதான் வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. வேகத்தை நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கும் ஹார்மோனிக் கியர் ஒன்று. கியருக்கும் காலுக்கும் நடுவே ஸ்பிரிங் வைப்பது இன்னொன்று. அகலமான, தட்டையான மோட்டாரோடு சின்னக் கியரை மட்டும் சேர்ப்பது மூன்றாவது. எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

எண்ணெய் அழுத்தத்தால் மூட்டை இயக்கும் ஹைட்ராலிக்கைச் சொல்லாமல் விட முடியாது. ரோபோ ஆய்வாளர் மார்க் ரெய்பர்ட் 1980-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1986-இல் அந்நாட்டின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன லெக் லேப் என்ற ஆய்வகம், துள்ளி ஓடும் தன் ரோபோக்களைக் காற்றழுத்தத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் கொண்டே இயக்கிப் பெயர் வாங்கியது. பலத்தில் ஹைட்ராலிக்குக்கு நிகர் அரிது. ஆனால் பம்ப், குழாய், வால்வு, கசிவு என்று பராமரிப்பே ஒரு முழுநேர வேலையாகிவிடும். நாலைந்து மாணவர்கள் உள்ள குழுவுக்கு அது தோதுப்படாது.

ஹார்மோனிக் கியர் 1950களில் வால்டன் மஸ்ஸர் கண்டுபிடித்தது. அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் அதன்மேல் ஆசைப்படாமல் இருக்க முடியாது. நெகிழும் மெல்லிய எஃகுக் கிண்ணத்தின் வெளிப்புறம் 200 பற்கள் என்றால், அதைச் சூழ்ந்த கெட்டி வளையத்தின் உட்புறம் 202 இருக்கும். நடுவில் நீள்வட்டத் துண்டு ஒன்று சுழன்று கிண்ணத்தை நெளித்துக்கொண்டே போகும். அது ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது கிண்ணம் இரண்டே இரண்டு பல் நகர்ந்திருக்கும். 100:1 என்ற விகிதம் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. பற்களுக்கிடையே ஆட்டம் என்பதே இல்லை. ரோபோ கை செய்பவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நியாயம்தான்.

கால் என்று வரும்போதுதான் சிக்கல். மின்சாரத்தை அணைத்துவிட்டு இந்தக் கியர் பொருத்திய காலைக் கையால் மடக்கிப் பாருங்கள். முதலில் அசையவே அசையாது. பலமாக அழுத்தினால் மனமில்லாமல் கொஞ்சம் நகரும். மோட்டாருக்குள் சுழலும் பாகமான சுழலியின் நிலைமம், அதாவது அசைவு மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, காலின் பக்கமிருந்து பார்க்கும்போது கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகித் தெரிகிறது. 100:1 என்றால் 10,000 மடங்கு. பாதம் தரையில் மோதுவது சில மில்லி நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குள் மென்பொருள் விழித்துக்கொண்டு மோட்டாரைத் தளர்த்துவது நடக்காத காரியம். மோதலின் வேகம் முழுவதும் அந்த மெல்லிய கிண்ணத்தின் பற்களில் போய் இறங்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தாவல் சோதனையின்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பற்கள் ஒன்றையொன்று தாண்டி, கிண்ணம் மையம் விலகி உட்கார்ந்துவிட்டது. கையால் சுழற்றினால் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு. அந்தக் கியர் பிறகு தேறவே இல்லை.

இந்த அடியிலிருந்து கியரைக் காப்பாற்ற 1995-இல் எம்.ஐ.டி.யில் கில் பிராட்டும் மேத்யூ வில்லியம்சனும் முன்வைத்த யோசனை அழகானது: கியருக்கும் காலுக்கும் இடையே ஒரு ஸ்பிரிங். அடியை அது வாங்கிக்கொள்ளும். அதோடு, அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தால் விசை எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். தனியாக ஒரு விசை சென்சார் தேவையில்லை. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் பிறந்த, சுமார் 30 கிலோ எடையுள்ள ஏனிமல் என்ற நான்குகால் ரோபோ இப்படிப்பட்ட மூட்டுகளோடுதான் வந்தது. அதை யாரும் குறைசொல்ல முடியாது.

ஸ்பிரிங்குக்கு நாம் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் மூட்டு சட்டென்று விசையை மாற்றாது; விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங் வைத்ததன் பலன் குறைந்துபோகும். எவ்வளவு விறைப்பு என்பதை, ரோபோ எப்படி நடக்கும் என்று தெரிவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். கணினிப் பாவனையில் அந்த மூட்டை அப்படியே காட்டுவதும் எளிதல்ல. ஏனிமலுக்கு வலுவூட்டக் கற்றல் முறையில், அதாவது முயன்று தவறித் தானே கற்கும் முறையில், நடை பழக்கி 2019-இல் வெளியிட்ட குழு, நிஜ மூட்டுகளிலிருந்து அளவீடுகள் எடுத்து, மூட்டின் நடத்தையை மட்டும் கணிக்க ஒரு நரம்பியல் வலையமைப்பைத் தனியாகப் பயிற்றுவித்தது. அருமையான வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

என் சாய்வு மூன்றாவது வழியின் பக்கம்: அகலமான மோட்டார், சின்னக் கியர். எம்.ஐ.டி.யில் சாங்பே கிம்மின் குழு தன் நான்குகால் சீட்டா ரோபோக்களில் வளர்த்தெடுத்த வழி இது. 2019-இல் பின்பல்டி அடித்துக் காட்டிய மினி சீட்டா வெறும் 9 கிலோ. பன்னிரண்டு மூட்டுகளிலும் ஒரே மாதிரி மோட்டார், 6:1 கியர். வர்க்கப்படுத்தினால் 36. அகலமான மோட்டாரின் சுழலிக்கு நிலைமம் கூடுதல்தான். அதைச் சேர்த்தாலும் 10,000-இன் பக்கத்தில் கூட வராது. மின்சாரமில்லாதபோது காலைத் தொட்டால் வழுக்கிக்கொண்டு மடங்கும். உராய்வு குறைவு என்பதால் மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தே பாதத்தில் விழும் விசையை ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லிவிடலாம். மாணவர் எழுதும் சமன்பாடும் மேசைமேல் நிற்கும் காலும் ஏறக்குறைய ஒன்றுபோல நடந்துகொள்ளும். கற்றுக்கொள்ளும் இடத்தில் இது எவ்வளவு பெரிய வரம் என்பது, காலையில் எழுதிய நிரலை மாலையில் காலில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறை வெப்பம். சின்னக் கியர் என்பதால் முறுக்குவிசைக்கு மின்னோட்டத்தை அள்ளி ஊட்ட வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச்சுருளில் எழும் சூடு நான்கு மடங்கு. ஓடும் ரோபோவைவிட முழங்காலை மடக்கிச் சும்மா நிற்கும் ரோபோவைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன். வேலை எதுவும் நடக்கவில்லை, சூடு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். காலைக் கொஞ்சம் நிமிர்த்தி நிற்க வைத்தால் முழங்காலின் சுமை கணிசமாக இறங்கும். சுருளுக்குள் வெப்ப சென்சார் வைக்காமல் இந்த வகை மூட்டை யாரும் ஓட்டக் கூடாது. பாரத்தைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டிய ரோபோ என்றால் இந்த வழியை நானே பரிந்துரைக்க மாட்டேன்.

மேசையில் ஆணியடித்து நிறுத்திய கை, மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹார்மோனிக் கியரை வாங்கலாம். மனித உடலோடு கட்டி அணியும் கருவி என்றால் ஸ்பிரிங் மூட்டை முதலில் பாருங்கள். மனிதரின் மூட்டு திடீரென்று இழுத்தாலும் அது விட்டுக்கொடுக்கும். விழுந்து எழுந்து பழக வேண்டிய கால், அதுவும் முதல் கால் என்றால் 6:1-இல் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே அது இருபது முறை விழும். இருபத்தோராவது முறை ஓட்ட மூட்டு மிச்சம் இருக்க வேண்டும்.